காற்றும் இன்ஜினின் ஓர் உறுப்பே

(ஆவடியில், தொழிற்பயிற்சி மாணவர்களும் பட்டறைத் தொழிலாளர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நாம் உட்கார்ந்திருக்கும் ஆவடி, கடல்மட்டத்திலிருந்து முப்பது மீட்டர்கூட உயராத ஊர். பக்கத்தில் உள்ள அம்பத்தூரும் பூந்தமல்லியும் அப்படித்தான். மலை என்று சொல்ல இங்கே எதுவும் இல்லை. ஆனால் இந்தச் சமவெளியில் உருவாகும் இன்ஜின்கள் கிழக்கு லடாக்கில், 4,000 மீட்டருக்கு மேலே, உறைபனியில் வேலை செய்கின்றன. டி-72, டி-90 டாங்கிகளின் இன்ஜின்களை ஆவடி இன்ஜின் தொழிற்சாலைதான் செய்கிறது. டாங்கிகளைக் கட்டுவது கனரக வாகனத் தொழிற்சாலை. உள்நாட்டு டாங்கிகளை ஆராய்ந்து வடிவமைப்பது போர் வாகன ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனமான சி.வி.ஆர்.டி.இ. இந்த மூன்றும் நம் ஊரில்தான் இருக்கின்றன. ஆகவே, மலை ஏறினால் இன்ஜின் ஏன் இழுவை இழக்கிறது என்ற கேள்வி இமயமலைக்காரர்களின் கேள்வி மட்டுமில்லை, நம்முடைய கேள்வியும்கூட.

இன்று நான் வலியுறுத்த வந்தது இதுதான். இன்ஜின் தகட்டில் பொறித்திருக்கும் குதிரைத்திறன், சமவெளிக் காற்றை நம்பிக் கொடுத்த வாக்கு. உயரம் கூடக் கூட அந்த வாக்கு சுருங்கும். அந்தச் சுருக்கத்தை முற்றிலும் ஒழிக்க எந்த மெக்கானிக்காலும் முடியாது. ஆனால் அதை முன்கூட்டியே கணக்கில் எடுக்க முடியும். அந்தக் கணக்கைக் கணவாயின் உச்சியில் வண்டி நின்ற பிறகு போட்டுப் பயனில்லை. வரைபட மேசையிலும் லேத் பக்கத்திலும் சர்வீஸ் குழியிலும், இங்கேயே போட வேண்டும்.

காற்றின் எடை

ஒரு லிட்டர் பெட்ரோல் முழுமையாக எரிய எவ்வளவு காற்று வேண்டும்? எடைக் கணக்கில், ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று. இதைச் சென்னைக் காற்றின் கொள்ளளவாக மாற்றினால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 9,500 லிட்டர் காற்று வருகிறது. பெட்ரோலை டாங்க்கில் நிரப்பி எடுத்துப் போகிறோம். காற்றை யாரும் எடுத்துப் போவதில்லை. போகிற இடத்தில் இருப்பதை நம்பித்தான் வண்டி ஓடுகிறது.

சிலிண்டர் காற்றை எடை பார்த்து வாங்காது, இடம் பார்த்து வாங்கும். 350 சி.சி. புல்லட் பைக்கின் சிலிண்டர் அம்பத்தூரிலும் சரி, லடாக்கின் லேயிலும் சரி, ஒவ்வொரு உறிஞ்சலுக்கும் அதே 350 சி.சி. இடத்தைத்தான் நிரப்பிக்கொள்ளப் பார்க்கும். அந்த இடத்துக்குள் வரும் காற்றின் எடைதான் குறைகிறது. கடல்மட்டத்தில் காற்றழுத்தம் 1,013 மில்லிபார். 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் லேயில் அது ஏறத்தாழ 658. காற்றில் ஆக்சிஜனின் பங்கு மாறுவதில்லை, எங்கும் ஐந்தில் ஒன்றுதான். ஆனால் காற்றே மெலிந்துவிட்டதால் ஆக்சிஜனும் மெலிந்துவிடுகிறது.

நம் ஊர்க் கணக்கில் பார்ப்போம். சென்னையின் 33 டிகிரி வெயிலை அடிப்படையாக வையுங்கள். பூந்தமல்லியிலிருந்து லோடு ஏற்றிக்கொண்டு பெங்களூரு சேரும் லாரி, 900 மீட்டர் உயரத்தில் ஏறத்தாழ 8 சதவீதக் காற்றை இழந்திருக்கும். ஓட்டுநருக்கு அது தெரியக்கூடத் தெரியாது. 2,240 மீட்டரில் உள்ள ஊட்டியில் இழப்பு 18 சதவீதம் ஆகிவிடும். குளிர்ந்த காற்று அடர்த்தியானது என்பதால், ஊட்டியின் குளிர் இழப்பைக் கொஞ்சம் ஈடுகட்டியும் இந்த அளவு. லேயில் ஏறத்தாழ 30 சதவீதம். 5,300 மீட்டரைத் தாண்டிய கார்துங் லா கணவாயில் 40 சதவீதத்துக்கு மேல். எல்லைச் சாலைகள் அமைப்பு 5,799 மீட்டர் உயரத்தில் போட்ட உம்லிங் லா சாலையில் ஏறத்தாழ பாதிக் காற்றுதான் மிஞ்சும். மனத்தில் வைத்துக்கொள்ள எளிய விதி இது: டர்போ இல்லாத இன்ஜின், ஒவ்வொரு 300 மீட்டர் ஏற்றத்துக்கும் ஏறத்தாழ 3 சதவீத சக்தியை இழக்கும்.

உண்மையில் சக்கரத்துக்குப் போய்ச் சேரும் இழப்பு இதைவிடச் சற்றுக் கூடுதல். பிஸ்டன் உராய்வும் வாட்டர் பம்ப்பும் ஆல்டர்னேட்டரும் மலையிலும் தங்கள் பங்கைக் குறையாமல் எடுத்துக்கொள்ளும். வரவு குறைந்து, நிலையான செலவு குறையாதபோது கையிருப்புதான் அடிபடும்.

கார்ப்பரேட்டரும் இன்ஜெக்‌ஷனும்

காற்று குறைவது முதல் பிரச்சினை. குறைந்த காற்றுக்குப் பழைய அளவிலேயே எரிபொருளைக் கொடுப்பது இரண்டாவது பிரச்சினை. முதலாவது இயற்கை தருவது. இரண்டாவது நம் கையில் இருப்பது.

கார்ப்பரேட்டர் காற்றின் கொள்ளளவை வைத்து எரிபொருளை இழுத்துக் கொடுக்கும் கருவி. காற்றின் எடையை அது சரியாக அறியாது. ஆகவே மேலே போகப் போகக் கலவை ‘ரிச்’ ஆகிவிடும். லே உயரத்தில், தேவைக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு வரை கூடுதல் பெட்ரோல் போகலாம். காற்றுத் துளை அடைத்துக்கொண்ட மண்ணெண்ணெய் அடுப்பு மஞ்சளாக எரிந்து பாத்திரத்தில் கரி பிடிக்க வைக்குமே, அந்த நிலைதான் சிலிண்டருக்குள்ளும். பிளக் கருக்கும், சைலன்சரில் கரும்புகை வரும், பிக்கப் போய்விடும். ஓட்டுகிறவர் இழுக்கவில்லையே என்று ஆக்ஸிலரேட்டரை இன்னும் திருகுவார். இன்னும் பெட்ரோல் போகும், இன்னும் அடைக்கும். இங்கே மருந்து, திருகுவதைக் குறைத்து, கியரையும் குறைப்பது. மேலேயே சில நாள் ஓடப்போகிற வண்டிக்கு பெட்ரோலை அளந்து விடும் மெயின் ஜெட்டை ஒரு அளவு சிறியதாகப் போடலாம். ஆனால் கீழே இறங்கியதும் பழைய ஜெட்டை மறக்காமல் மாற்ற வேண்டும். மலைக்குப் பொருத்திய சிறிய ஜெட்டோடு சமவெளியில் ஓட்டினால் கலவை ‘லீன்’ ஆகி, சூடு ஏறி, வால்வையும் பிஸ்டனையும் எரித்துவிடும்.

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகை மாசு விதி வந்தபின் புது இருசக்கர வண்டிகள் ஏறத்தாழ எல்லாமே இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. அதில் காற்றழுத்தத்தையும் வெப்பத்தையும் சென்சார் அளந்து சொல்கிறது; ஈ.சி.யு. என்ற கட்டுப்பாட்டுக் கணினி அதற்கு ஏற்றபடி எரிபொருளைக் குறைக்கிறது. கலவை கெடுவதில்லை, கரும்புகை இல்லை. இங்கே ஒரு தவறான நம்பிக்கையைத் தெளிவாக்க விரும்புகிறேன். ‘இன்ஜெக்‌ஷன் வண்டி மலையில் சக்தி இழக்காது’ என்று பலர் சொல்கிறார்கள். அது கலவையைக் காப்பாற்றும், அவ்வளவுதான். இல்லாத ஆக்சிஜனை எந்த சென்சாரும் உண்டாக்க முடியாது. விலை கூடின பிரீமியம் பெட்ரோல் போட்டாலும் இதே கதைதான். காற்று மெலிந்த இடத்தில் இன்ஜின் ‘நாக்’ அடிப்பதே குறைவு. ஆக்டேன் கூடின பெட்ரோலுக்கு அங்கே வேலை இல்லை.

டீசலில் பழைய மெக்கானிக்கல் பம்ப், காற்று குறைந்தது தெரியாமல் அதே அளவு டீசலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அதன் விளைவு கரும்புகை, புகைக்குழாயில் அளவுக்கு மீறிய சூடு, ஆயிலில் கரி. புது காமன் ரெயில் இன்ஜின் தானே டீசலைக் குறைத்துக்கொள்கிறது. ‘வண்டி இழுக்கல, கம்பெனி ஏதோ கட் பண்ணி வெச்சிருக்கான்’ என்று கோபப்படும் ஓட்டுநர் சகோதரர்களுக்குச் சொல்கிறேன்: அந்தக் குறைப்புதான் உங்கள் பிஸ்டனையும் டர்போவையும் காப்பாற்றுகிறது. அதை ‘ரீமேப்’ செய்து நீக்குகிறேன் என்று யாராவது சொன்னால், தயவுசெய்து கேட்காதீர்கள்.

பைக்ஸ் பீக்கில் நடந்த சோதனை

காற்று போதவில்லை என்றால் காற்றை அமுக்கிக் கொடுக்கலாமே என்ற எண்ணம் நூறு ஆண்டுக்கு மேல் பழையது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி, புகையின் வேகத்தால் சுழலும் டர்பைனைக் கொண்டு காற்றை அமுக்கும் ‘டர்போ’ முறைக்கு 1905-இல் காப்புரிமை பெற்றார். அதை உயரத்துக்குக் கொண்டுபோய்ச் சோதித்தவர் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்துப் பொறியாளர் சான்ஃபோர்ட் மாஸ். 1918-இல் விமானத்துக்கான லிபர்ட்டி இன்ஜினை ஒரு லாரியில் ஏற்றி, கொலராடோவில் உள்ள பைக்ஸ் பீக் மலையின் உச்சிக்கு, 14,000 அடிக்கு மேலே, கொண்டுபோனார். கீழே 350 குதிரைத்திறன் தந்த அந்த இன்ஜின் உச்சியில் டர்போ இல்லாமல் 230-க்கு விழுந்தது. டர்போ போட்டதும் 356 தந்தது. மூன்றில் ஒரு பங்கு இழப்பும், அந்த இழப்பு முழுவதும் மீண்டதும், ஒரே மலையுச்சியில் நேருக்கு நேர் நிரூபணமாயின.

ஆனால் டர்போவுக்கும் எல்லை உண்டு. சமவெளியில் காற்றை இரண்டு மடங்கு அமுக்கி 2 பார் அழுத்தம் தரும் டர்போ, 4,500 மீட்டரில் அதே 2 பார் தர வேண்டுமானால் மூன்றரை மடங்கு அமுக்க வேண்டும். வெளிக்காற்றின் அழுத்தம் அங்கே 0.58 பார்தான். அதற்காக டர்போ இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். சிறிய டர்போக்கள் ஏற்கெனவே நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கின்றன. அளவு மீறினால் தண்டும் இறக்கையும் சிதறிவிடும். அமுக்கிய காற்று சூடாகும். அதை ஆற்ற வேண்டிய இன்டர்கூலருக்கும் கிடைப்பது அதே மெலிந்த காற்றுதான். ஆகவே ஒவ்வொரு டர்போ இன்ஜினுக்கும் ஓர் உயரம் இருக்கிறது. அதுவரை ஈடுகட்டும்; அதற்கு மேலே அதுவும் சரியும். அந்த உயரம் என்ன என்று கேட்டு வாங்குகிறவர்தான் விவரமானவர்.

இன்னொரு வகை, கிராங்க் தண்டிலிருந்தே பல்சக்கரம் வழியாகச் சுழலும் சூப்பர்சார்ஜர். அதன் வேகம் இன்ஜின் வேகத்தோடு பிணைக்கப்பட்டது. மலையில் காற்று மெலிந்ததும் டர்போவுக்கு முன்னால் இருக்கும் புகை அழுத்தத்துக்கும் வெளிக்காற்று அழுத்தத்துக்கும் இடையே உள்ள வித்தியாசம் கூடும்; டர்போ தானாகவே வேகம் எடுக்கும். சூப்பர்சார்ஜரால் அப்படி எடுக்க முடியாது. இதை நினைவில் வைத்துக்கொண்டு ஆவடிக்குத் திரும்புவோம்.

சோஜி லாவிலிருந்து ஆவடி வரை

இந்தியப் படையின் டாங்கிகள் மலை ஏறிய வரலாற்றில் தொடக்கத்திலிருந்தே தென்னாட்டார் கை இருக்கிறது. காஷ்மீர்ப் போரின்போது, 1948 நவம்பர் 1-ஆம் தேதி, ஏறத்தாழ 11,500 அடி உயர சோஜி லா கணவாயில், ஏழாவது லைட் கவல்ரி படைப்பிரிவின் ஸ்டூவர்ட் டாங்கிகள் பனிக்குள் தோன்றின. மேஜர் ஜெனரல் திம்மையாவின் தலைமையில் நடந்த அந்தத் தாக்குதலை எதிரி எதிர்பார்க்கவே இல்லை. அந்த உயரத்துக்கு டாங்கி வரும் என்று அதுவரை யாரும் நினைத்ததில்லை. கோவேறு கழுதைப் பாதையாக இருந்ததை டாங்கி ஏறும் பாதையாக வெட்டிக் கொடுத்தவர்கள் மதராஸ் சாப்பர்ஸ் வீரர்கள். இன்ஜின் இழந்த சக்திக்கு, பாதையின் சரிவைக் குறைத்து ஈடு தந்த கைகள் அவை.

சீனப் போரின்போது, 1962 அக்டோபரில், ஏஎன்-12 விமானங்களில் ஏஎம்எக்ஸ்-13 டாங்கிகளை ஏற்றி, லடாக்கில் 14,000 அடிக்கு மேலே இருக்கும் சுஷூலில் இறக்கினார்கள். 15 டன் எடையுள்ள சிறு டாங்கி அது. அதனால்தான் விமானத்தில் ஏற்ற முடிந்தது. எடை குறைவாக இருப்பதே மலையில் பாதிச் சக்தி என்ற பாடத்தை அன்றே சுஷூல் கற்றுக்கொடுத்தது.

அதற்கு முந்தைய ஆண்டுதான், 1961-இல், இங்கே கனரக வாகனத் தொழிற்சாலை தொடங்கியது. 1965 இறுதியில் முதல் விஜயந்தா டாங்கி இங்கிருந்து வெளியே வந்தது. 39 டன் எடை, 535 குதிரைத்திறன். பிறகு டி-72 வந்தது. 1987-இல் இன்ஜின் தொழிற்சாலை வந்தது. 2018 ஜூலை 28 அன்று, முழுவதும் உள்நாட்டுப் பாகங்களால் ஆன வி-46-6, வி-92எஸ்2 என்ற இரண்டு இன்ஜின்களையும் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் நிர்மலா சீதாராமன் ஆவடியில் ராணுவத்திடம் ஒப்படைத்தார். முதலாவது டி-72-க்கு, 780 குதிரைத்திறன், சூப்பர்சார்ஜர் வகை. இரண்டாவது டி-90-க்கு, 1,000 குதிரைத்திறன், டர்போ வகை.

2020-இல் சீனப் படையுடன் நடந்த கல்வான் மோதலுக்குப் பின் இந்த டாங்கிகள் கிழக்கு லடாக்கில் நிறுத்தப்பட்டன. நம் ஊர் இன்ஜின்கள் 4,500 மீட்டர் உயரத்தில் குளிர்காலத்தைக் கழிக்க வேண்டி வந்தது. அங்கே என்ன கணக்கு என்று பாருங்கள். ஒரு டாங்கி எவ்வளவு சுறுசுறுப்பாக ஏறும் என்பதைச் சொல்வது டன்னுக்கு எத்தனை குதிரைத்திறன் என்ற அளவு. 41 டன் டி-72-க்குச் சமவெளியில் அது 19. 4,500 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைப் போல் 63 சதவீதம்தான். இன்ஜின் சூப்பர்சார்ஜர் வகை என்பதால் சக்தியும் அதே விகிதத்தில் குறைவதாக வைத்துக்கொண்டால், 780 என்பது ஏறத்தாழ 490 ஆகும், டன்னுக்கு 12. அதாவது விஜயந்தா சமவெளியில் வைத்திருந்ததைவிடக் குறைவு. இத்தனை ஆண்டு முன்னேற்றத்தை மலை ஒரே நாளில் திருப்பி வாங்கிக்கொள்கிறது.

இதற்கு இரண்டு வழிகளில் விடை தேடப்படுகிறது. இரண்டுமே ஆவடி வழியாகப் போகின்றன. முதல் வழி, இன்ஜினைப் பெரிதாக்குவது. டி-72 டாங்கிகளுக்கு 780-க்குப் பதிலாக 1,000 குதிரைத்திறன் இன்ஜின் வாங்க, 2025 மார்ச் 7 அன்று பாதுகாப்பு அமைச்சகம் ரஷ்யாவின் ரோசோபோரோன்எக்ஸ்போர்ட் நிறுவனத்தோடு 248 மில்லியன் டாலருக்கு ஒப்பந்தம் செய்தது. அதன் தொழில்நுட்பம் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலைக்கு வருகிறது; இன்ஜினைப் பொருத்துவதும், பிறகு உரிமம் பெற்றுத் தயாரிப்பதும் இங்கேதான். டன்னுக்கு 19 என்பது 24 ஆகும்.

இரண்டாவது வழி, எடையைக் குறைப்பது. சி.வி.ஆர்.டி.இ. வடிவமைத்து, எல் அண்டு டி நிறுவனம் குஜராத்தின் ஹசீராவில் கட்டிய ஜோராவர் இலகுரக டாங்கி 25 டன் வகை. 1830-களில் லடாக்கில் படை நடத்திய தோக்ரா தளபதி ஜோராவர் சிங்கின் பெயரைத் தாங்கியது. 2024 டிசம்பரில் 4,200 மீட்டருக்கு மேலே வெவ்வேறு தூரங்களுக்குச் சுட்டு, குறி தவறாமல் அடித்துக் காட்டியது. அதில் இருப்பது 760 குதிரைத்திறன் அளவிலான கம்மின்ஸ் இன்ஜின். டி-72-இன் இன்ஜினைவிடக் கொஞ்சம் சிறியது. ஆனால் சமவெளியில் டன்னுக்கு 30. டர்போவின் உதவியை அறவே மறந்துவிட்டு, மலை 37 சதவீதத்தைப் பிடுங்கிக்கொண்டதாகவே வைத்தாலும், மிஞ்சுவது டன்னுக்கு 19. டி-72 ஆவடி மைதானத்தில் என்ன வேகத்தில் ஏறுமோ, ஜோராவர் அதை லடாக்கிலேயே செய்யும்.

நண்பர்களே, இதுதான் நான் சொல்ல வந்ததன் மையம். ஜோராவர் மலையை வென்றது புது மாயத்தால் அல்ல. இழப்பு வரும் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டு, இழந்த பிறகு கையில் எவ்வளவு இருக்க வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டு, அந்த எண்ணிலிருந்து வண்டியை வரைந்தார்கள்.

சர்வீஸ் குழியில் போட வேண்டிய கணக்கு

இதே முறையை நாம் நம் லாரிக்கும் பைக்குக்கும் கொண்டுவர வேண்டும். மலைக்குப் போகிற வண்டி பட்டறைக்கு வந்தால் என்ன பார்க்க வேண்டும் என்பதைச் சொல்கிறேன்.

முதலில் காற்று வரும் வழி. ஏர் ஃபில்டரைப் புதிதாகப் போடுங்கள். மேலே போனபின் ‘மூச்சு விடட்டும்’ என்று ஃபில்டரைக் கழற்றிவிடும் வழக்கம் இருக்கிறது. அதை நிறுத்த வேண்டும். லடாக்கின் தூசி மெல்லிய மணல். ஒரே பயணத்தில் சிலிண்டர் சுவரையும் பிஸ்டன் ரிங்கையும் தேய்த்துவிடும். ஃபில்டரைக் கழற்றிக் கிடைக்கும் ஆதாயம் சொற்பம். தேய்ந்த சிலிண்டரை ரீபோர் செய்ய ஆகும் செலவு பெரிது.

டர்போ வண்டியானால், டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும் அங்கிருந்து இன்ஜினுக்கும் போகும் ஹோஸ், கிளிப் எல்லாவற்றையும் கைவிட்டுத் தடவிப் பாருங்கள். ஊசித்துளை அளவு கசிவு பூந்தமல்லி சாலையில் தெரியவே தெரியாது. டர்போவிடம் மிச்சசக்தி நிறைய இருக்கும். மலையில் அது எல்லையைத் தொட்டுக்கொண்டு ஓடும்போது, அதே கசிவு வண்டியை நிறுத்திவிடும். சமவெளி மன்னித்துவிடும் குறைகளை மலை மன்னிப்பதில்லை.

அடுத்து ஆற்றும் வழி. லேயில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் கூலன்ட் கொதிக்காமல் இருக்கிறது. தளர்ந்த ரப்பரோடு ஒரு பழைய மூடி, நல்ல இன்ஜினைக் கொதிக்கவைத்துவிடும். வெறும் தண்ணீர் ஊற்றாதீர்கள். பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்தால் உறைவது மைனஸ் 35 டிகிரிக்கும் கீழே போகும்.

மூன்றாவது, ஸ்டார்ட்டிங். டீசல் இன்ஜின் காற்றை அமுக்கிச் சூடாக்கித்தான் பற்றவைக்கிறது. காற்று மெலிந்து குளிர்ந்திருந்தால் அந்தச் சூடு போதாது. ஆயில் கெட்டியாகி இருக்கும். பேட்டரி, மைனஸ் 20 டிகிரியில் தன் பலத்தில் ஏறத்தாழ பாதியைத்தான் தரும். நம் ஊர் டீசலில் மெழுகு உறைந்து ஃபில்டரை அடைக்கும். இதற்காகவே இந்தியன் ஆயில் நிறுவனம், மைனஸ் 33 டிகிரி வரை உறையாமல் ஓடும் குளிர்கால டீசலை 2019 நவம்பரில் லடாக்கில் கொண்டுவந்தது. பி.எஸ். 6 லாரிகளில் ஊற்றும் யூரியாக் கரைசல் மைனஸ் 11 டிகிரியில் உறைந்துவிடும் என்பதையும் ஓட்டுநர்கள் தெரிந்திருக்க வேண்டும்.

நான்காவது, பிரேக். இதைப் பலர் யோசிப்பதே இல்லை. காரின் வேக்குவம் பூஸ்டர், வெளிக்காற்றின் அழுத்தத்தால்தான் நம் காலுக்கு உதவுகிறது. லேயில் வெளிக்காற்றே மூன்றில் இரண்டு பங்கு என்றால், உதவியும் அந்த அளவுக்குக் குறையும். பெடலை இன்னும் பலமாக மிதிக்க வேண்டிவரும். லாரியின் ஏர் பிரேக்கில் கம்ப்ரஸர் டாங்க்கை நிரப்ப அதிக நேரம் எடுக்கும். இன்ஜின் பிரேக்கும் பலவீனமாகும். ஆகவே ஏறும்போது போட்ட கியரைவிட ஒரு கியர் குறைத்து இறங்குவதே நல்லது. நம் பக்கத்தில் உள்ள பாடி, பிரேக்குக்குப் பெயர் பெற்ற ஊர். இந்தப் பாடத்தை நம் பிள்ளைகள்தான் முதலில் கற்க வேண்டும்.

டயரை அங்கேயே, ஆறியிருக்கும்போது அளந்து பார்க்க வேண்டும். வெளி அழுத்தம் குறைவதால், இங்கே அடித்த காற்று லேயில் ஏறத்தாழ 5 பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும், குளிர் அதைக் கொஞ்சம் இறக்கும். இரண்டையும் ஊகித்துப் பார்ப்பதைவிட மீட்டரை வைத்துப் பார்ப்பதே சரி.

ஓட்டுகிறவருக்குச் சில வார்த்தைகள். சுமையைக் குறையுங்கள்; நூறு கிலோவைக் குறைப்பது எந்த டியூனிங்கையும்விட நிச்சயமான பலன் தரும். கியரைக் குறைத்து, இன்ஜினை நல்ல சுற்றில் வைத்துக்கொண்டு ஏறுங்கள். அரை கிளட்சில் தொங்கவிட்டால் கிளட்ச் பிளேட் மணக்கத் தொடங்கும்; அங்கே மாற்றுப் பிளேட் கிடைக்காது. உச்சியில் நிறுத்தினால் டர்போ வண்டியை உடனே அணைக்காமல் ஓரிரு நிமிடம் ஐடிலில் விடுங்கள். உங்கள் உடம்பும் அதே மெலிந்த காற்றில்தான் ஓடுகிறது. லேயில் இறங்கியவுடன் கணவாய் ஏறாமல் இரண்டு நாள் தங்கி உடம்பைப் பழக்குங்கள். தலைவலியோடும் மயக்கத்தோடும் ஓட்டுகிறவருக்கு எந்த இன்ஜினும் காவல் இல்லை.

மின்சார வண்டி இந்தச் சிக்கலைத் தீர்க்குமா என்று இளைஞர்கள் கேட்பார்கள். மோட்டாருக்கு ஆக்சிஜன் வேண்டாம். ஆகவே உயரத்தால் அதன் இழுவை குறையாது. அந்த அளவில் அது பெரிய வரம். ஆனால் குளிரில் பேட்டரியின் திறன் சுருங்கும். மலைக்கணக்கு அங்கேயும் உண்டு; எண்கள்தான் வேறு.

நாம் செய்ய வேண்டியது

முடிக்கும் முன் மூன்று கோரிக்கைகள் வைக்கிறேன்.

இன்ஜின் செய்கிற நிறுவனங்கள், எந்த உயரத்தில் எவ்வளவு சக்தி மிஞ்சும் என்ற வரைபடத்தைப் பொதுவாகத் தயாரித்து வைத்திருக்கும். அது பொறியாளர்களின் கோப்பில் மட்டும் இருக்கக் கூடாது. சர்வீஸ் புத்தகத்தில், தமிழில், மெக்கானிக் படிக்கும்படி வர வேண்டும். லாரி வாங்குகிறவர் ‘எத்தனை ஹெச்.பி.?’ என்று கேட்பதோடு ‘மூவாயிரம் மீட்டரில் எத்தனை?’ என்றும் கேட்கத் தொடங்கினால், அந்தப் பக்கம் தானாக அச்சேறும்.

நம் தொழிற்பயிற்சிக் கூடங்களில் உயரம் ஒரு தனிப் பாடமாக வேண்டும். காற்றின் அடர்த்தி, டன்னுக்கான குதிரைத்திறன், ஜெட் மாற்றும் முறை, டர்போவின் எல்லை, இவ்வளவும் ஒரு வாரப் பாடம். ஆவடியில் படிக்கும் மாணவர், தான் பழகும் இன்ஜின் கடைசியில் எங்கே ஓடும் என்பதைத் தெரிந்தே பழக வேண்டும்.

மூன்றாவது கோரிக்கை, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஹோஸும் கேஸ்கெட்டும் கிளிப்பும் ரிங்கும் செய்யும் சிறு தொழில் நண்பர்களுக்கு. உங்கள் பாகம் சமவெளிச் சோதனையில் தேறிவிட்டது என்பதோடு நிறுத்தாதீர்கள். சமவெளியில் மிச்சசக்தி உங்கள் குறையை மறைக்கும். மிச்சமே இல்லாத இடத்தில், அந்தச் சிறு பாகத்தின் நேர்த்திதான் வண்டி ஏறுமா நிற்குமா என்பதைத் தீர்மானிக்கும். ஓர் அளவு, ஒரு மைக்ரான் விட்டுக்கொடுக்கும்போதெல்லாம், அதை நம்பி கணவாயில் ஓட்டிக்கொண்டிருப்பவரின் உயிரும் அதில் இருக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

மலை இன்ஜினிடமிருந்து எடுத்துக்கொள்வதை எடுத்துக்கொள்ளட்டும். எடுத்த பிறகும் போதுமான அளவு மிஞ்சும்படி செய்து அனுப்புவது நம் பொறுப்பு. அந்தப் பொறுப்பை ஏற்க அறிவும் இடமும் கையும் உள்ள ஊர்கள் இந்தியாவில் சிலவே. அவற்றில் ஒன்றில் நாம் வாழ்கிறோம். இதை நாளைக் காலை ஷிப்டிலிருந்தே தொடங்குங்கள் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.